ராஜா ‘ஓம்’ என்றார்

பழைய நாடகங்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால், நான் நடித்துக் கெடுத்ததைத்தான் சொல்வேன். (நடித்தேன் என்பதே கொஞ்சம் அதிகம்.)

அப்போது கண்டி நகரசபையில் கிளார்க் வேலை. ஊர்ச் சங்கம் போட்ட ராஜா நாடகத்தில் நான் ராஜா, பவானி ராணி. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவர் அவளுடைய அப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு மாஸ்டர். பவானியைக் கட்டிக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. பெண் கேட்டுப் போன என் அம்மாவிடம் மாஸ்டர், “நாடகம் முடியட்டும், பாப்பம்” என்றிருந்தார். ஆக, அந்த நாடகம்தான் எனக்கு மாப்பிள்ளைப் பரீட்சை.

கடைசிக் காட்சி. நாடிழந்து காட்டில் நிற்கிறோம். ராணி கண்கலங்கிக் கேட்கிறாள்: “நாதா, என்னை மணந்ததற்காக வருந்துகிறீரா?”

“ஏழு பிறப்பிலும் வருந்தேன்!” என்று நான் முழங்க வேண்டும். வசனம் சுத்தமாக மறந்துபோயிற்று. மெல்லத் திரைப்பக்கம் சாய்ந்து, “சேர், இப்ப நானா பேசணும்?” என்றேன்.

“ஓம்” என்றார் மாஸ்டர்.

அவர் ஊரில் ‘ஓம்’ என்றால் ‘ஆமாம்’ என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து எது வந்தாலும் அப்படியே ஒப்பிப்பது என் வழக்கம். வாளை உயர்த்தி, மண்டபம் அதிர, “ஓம்!” என்றேன்.

முன்வரிசையில் எங்கள் ஊர் ஆட்கள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பவானிக்கு மட்டும் அது மந்திரமாகக் கேட்கவில்லை. அவள் முகம் சிவந்தது. ராணியின் செந்தமிழெல்லாம் பறந்துவிட்டது.

“பின்னை என்னத்துக்கு என்னைக் கட்டினனீங்கள்?”

“ஐயோ, நான் சொல்லலீங்க! ஒங்கப்பாதான் சொன்னாரு!”

திரையை விலக்கிக்கொண்டு மாஸ்டரின் தலை வெளியே வந்தது. “நான் எப்ப சொன்னனான்?”

கண்டிச் சனம் அன்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே! என் மானம் கப்பலேறிவிட்டது.

பெண்ணும் போச்சு என்று கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை அழுகையாக வந்தது. மாஸ்டர் வந்து எதிரில் நின்றார்.

“தம்பி, பிள்ளை கேட்டதுக்கு நீர் இன்னும் மறுமொழி சொல்லேல்லை.”

“அவங்களக் கட்டிக்கிட்டா எனக்கு எந்த வருத்தமும் வராதுங்க, சேர். சத்தியமா.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

“அப்ப சம்மதமா, சேர்?”

“ஓம்.”

இந்தத் தடவை நான் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

கல்யாணமாகி, கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் குடியேறி நாற்பது வருஷம் ஆகிறது. வாழ்க்கையில் எதற்குமே வருத்தப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்று உண்டு: அந்த ஏழு பிறப்பு வசனத்தை இன்றுவரை சொல்லி முடிக்க முடியவில்லை. குழம்பில் உப்புக் கூடிய நாட்களில் பவானியே கேட்பாள், “என்னைக் கட்டினதுக்கு வருத்தமோ?” நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், மகன், மகள், மருமகன் எல்லாரும் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரே குரலில் கத்துவார்கள்: “ஓம்!”