'ஆச்சு' சாரும் ஏழுமலையின் இரண்டு கால்களும்

தமிழில் ஒரே ஒரு சொல்லோடு பதினொரு வருஷம் மல்லுக்கட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரிடம் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அந்தச் சொல் 'ஆச்சு'. அதனாலேயே எங்கள் திருவண்ணாமலை மின்சார ஆபீஸில் அவருக்கு 'ஆச்சு' சார் என்று பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும்.

எழுபதுகளின் நடுவில் எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை தோறும் பகல் மூன்று மணிக்கு வகுப்பு. சாப்பிட்ட சோறு கண்ணுக்கு ஏறுகிற நேரம். கம்பம் ஏறுகிறவர்களை உட்கார வைத்தால் நியாயம். குமாஸ்தாவான என்னையும் உட்காரச் சொன்னார்.

"நான் பேனா புடிக்கிறவன் சார். கம்பம் ஏறவா போறேன்?" என்றேன்.

"போன் எடுக்கறது நீதானே? மேல இருக்கறவன் உசுரு உன் வாயிலதான்யா இருக்குது. உக்காரு."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது, அரசாங்க உத்தியோகம்!

ரப்பர் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்க்க வேண்டும் என்பார். அதைச் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? அவரே ஊதிக் காட்டுவார். கன்னம் இரண்டும் புடைத்து, கண் பிதுங்கி, ஐந்து விரலும் விறைத்து நிற்கும் வரை ஊதுவார். பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தால், அவன் கையில் ஒரு கையுறையைக் கொடுத்து அவனையும் ஊத வைப்பார். வாரா வாரம் இதே கூத்து.

அது முடிந்ததும் 'ஆச்சு' புராணம். சப்ளையை நிறுத்தினாலும் ஆச்சு, வேலை முடிந்தாலும் ஆச்சு, ஆள் இறங்கினாலும் ஆச்சு. கீழே இருப்பவன் எல்லாவற்றையும் சேர்த்து "ஆச்சா?" என்று கேட்பான். மேலே இருப்பவன் ஒரு கம்பி கட்டி முடித்ததை நினைத்து "ஆச்சு" என்பான். கீழே இருப்பவன் சுவிட்சைப் போடுவான்.

"அவ்ளோதான், ஆளு கரிக்கட்டை!" என்று மேஜையைத் தட்டுவார். தூங்கிக்கொண்டிருக்கிற பாதிப் பேர் பதறி எழுந்திருப்போம்.

ஆகவே ஆபீஸில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. கம்பத்திலிருந்து இறங்கியவன் தன் வாயால், முழுசாக, இப்படித்தான் சொல்ல வேண்டும்: "நான் ஏழுமலை. வேலை முடிஞ்சிடுச்சு. கம்பத்துலேர்ந்து இறங்கிட்டேன். என் ரெண்டு காலும் தரையில இருக்குது. சப்ளை குடுக்கலாம்." ஏழுமலை எங்கள் லைன்மேன், கீழ்பென்னாத்தூர்க்காரன். அவன் இதைப் பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பான்.

வேலையோடு விட்டாரா? புதிதாக வந்த இன்ஜினியர் மரியாதைக்கு "சாப்பாடு ஆச்சா சார்?" என்று கேட்டுவிட்டார். "ஆக்கி ஆச்சானு கேக்கறீங்களா, துன்னு ஆச்சானு கேக்கறீங்களா?" என்று அவரைக் கால் மணி நேரம் நிற்க வைத்தார். அந்த இன்ஜினியர் அதற்குப் பிறகு யாரையும் சாப்பாடு விசாரித்ததில்லை.

ஏழுமலையின் கல்யாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். கெட்டிமேளம் கொட்டி முடிந்தது. பெண்ணின் மாமா, "ஆச்சு, எல்லாரும் பந்திக்கு வாங்க" என்றார். ஆச்சு சார் எழுந்துவிட்டார்.

"எது ஆச்சு? மூணு முடிச்சும் உழுந்துச்சா? மாப்ள கைய எடுத்துட்டாரா? முழுசா சொல்லுங்க!"

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மணவறையிலிருந்து ஏழுமலை, மாலையும் கழுத்துமாக, "நான் ஏழுமலை. மூணு முடிச்சும் போட்டுட்டேன். என் ரெண்டு கையும் மடியில இருக்குது. சோறு போடலாம்" என்றான். அதற்குப் பிறகுதான் சார் சாப்பிட உட்கார்ந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை. தேர் மாட வீதி சுற்றும் நாளில், தெருவைக் குறுக்கே தாண்டும் கம்பிகளை அவிழ்த்துவிடுவோம். தேர் தாண்டியதும் மறுபடி கட்டி சப்ளை கொடுப்போம். அன்று ஆள் பற்றாக்குறை. என்னை ஒரு டிரான்ஸ்பார்மர் சுவிட்சின் அடியில் நிற்க வைத்துவிட்டார்கள். ஏழுமலை முனை திரும்பி, என் கண்ணுக்குத் தெரியாத கம்பத்தில்.

வெயில், கூட்டம், கால் கடுப்பு. தேர் போய் அரை மணி ஆகியும் ஏழுமலையைக் காணோம். பக்கத்து ஓட்டல்காரர் என் காதிலேயே வந்து கத்தினார். "நாலு பந்தி ஜனம் உக்காந்திருக்குது, கிரைண்டர் நிக்குது! போடு சார்!"

எனக்கும் அலுத்துவிட்டது. முனைப்பக்கம் பார்த்து, "ஆச்சா?" என்று கத்தினேன். நானேதான்!

"ஆச்சு! ஆச்சு!" என்று பத்துக் குரல்கள் வந்தன.

பூட்டைத் திறந்து கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் உறுத்தியது. பாழாய்ப்போன அந்தக் காலும் தரையும் காதில் விழவில்லையே?

"இன்னா சார் யோசன? அதான் ஆச்சுங்கறாங்களே!" என்றார் ஓட்டல்காரர். நான் மறுபடி பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய வசவு முழுவதையும் முதுகில் வாங்கியபடி கூட்டத்தைப் பிளந்து முனைக்குப் போனேன்.

ஜனங்கள், தேர் திரும்பிவிட்டதைத்தான் "ஆச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். ஏழுமலை கம்பத்தின் மேலே இருந்தான். இரண்டு கையிலும் கம்பி.

"இன்னா சார், இங்க வந்துட்டீங்க? தண்ணி கிண்ணி வச்சிருக்கீங்களா?" என்று மேலேயிருந்து கேட்டான். அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆச்சு சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏழுமலை எங்க இப்ப?" என்றார். "டீ குடிக்கிறான் சார்." மூச்சு விட்டார். உடனே குரல் ஏறியது. "ஆச்சானு மொதல்ல கேட்டது நீதானேய்யா? செவ்வாக்கெழம மொத பெஞ்சில உக்காரு!"

பல வருஷமாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "சார், உங்க ஆளு யாராவது இப்படிப் போயிட்டாங்களா? அதனாலதான் இவ்ளோ கத்தறீங்களா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரும் சாகலய்யா. சாகக்கூடாதுனுதான் கத்தறேன். செத்தப்புறம் கத்தி இன்னா பண்றது?"

அவர் ரிட்டயராகி எந்த ஊருக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்காமல் விட்டது என் தப்பு. அன்று நடந்ததை ஏழுமலையிடம் இன்றுவரை நான் சொன்னதும் இல்லை, தைரியம் வரவில்லை. அவனுக்குப் பேரன் பேத்தி வந்தாயிற்று. காலையில் பால் வாங்கப் போகையில் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, கால் ஊன்றி, முட்டி வலியைப் பற்றி முக்கால் மணி நேரம் புலம்புவான். நான் முழுசாகக் கேட்பேன். அவன் போனதும் அங்கேயே நின்று, ஆச்சு சார் எந்தத் திக்கில் இருக்கிறார் என்று தெரியாததால், பொதுவாக ஒரு கும்பிடு போடுவேன். பார்க்கிறவர்கள் மலையைக் கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.