மறைக்க வேண்டிய பெயர்

“சார், நீங்க போட்ட கறுப்புப் பட்டை கையோட கழண்டு வருது” என்றார் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அம்மா, போனில்.

கையேட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விவாகரத்து வக்கீல்களுக்கென்று அவருடைய கம்பெனி ஒரு மென்பொருள் செய்திருந்தது. அதைப் பயன்படுத்தக் கையேடு எழுதுவது அவர் வேலை. அந்த வக்கீல் ஆபீஸ் கணினியில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கட்சிக்காரர் பெயர்மேல் பட்டை போட்டு, சரிபார்க்க அனுப்பியிருந்தார். பட்டையைப் படத்தோடு சேர்த்து ஒட்டாமல் சும்மா மேலே வைத்துவிட்டார் மனுஷர். மௌஸால் இழுத்தால் பெயர் பல்லை இளித்தது.

“இப்பவே சரி பண்ணிடறேம்மா.”

இரண்டாவது படத்தில் பெயரையே கலங்கலாக்கி அனுப்பினார். மறுபடியும் போன்.

“பேர் தெரியல சார். ஆனா பிரிவதற்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல ‘மாமியார் வளர்க்கும் கிளி என்னைத் திட்டுகிறது’ன்னு அப்படியே இருக்கு.”

“அதுல பேர் எதுவும் இல்லியேம்மா.”

“கிளி திட்டற வீடு ஊர்ல எத்தனை சார் இருக்கும்?”

விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிற்று. அவர் கத்துகிற ரகம் இல்லை. நிதானமாக வயிற்றில் புளியைக் கரைக்கிற ரகம்.

“இன்னொரு தடவை அவங்க கட்சிக்காரர் விவரம் வெளியே வந்துதுன்னா, வக்கீல் நம்ம மென்பொருளைத் திருப்பி அனுப்பிடுவார். நான் உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவேன். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று யார்தான் சொல்வார்கள்? சூடு கண்ட பூனையாகிவிட்டார் கையேட்டுக்காரர். மூன்றாவது படத்தில் பெயர், காரணம், முகவரி, தேதி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கறுப்பாக்கினார்.

மேனேஜர் பார்த்தார். “இது என்ன, கரண்ட் போனப்ப எடுத்ததா?”

“பாதுகாப்பா இருக்கட்டும்னுதான் சார்...”

“நிஜ ஆளே வேண்டாம். பொய்யா ஒரு ஆளைப் போடுங்க. ஆனா வாய்க்கு வந்த நம்பரை அடிச்சு, அது யாரோ ஒருத்தர் நம்பரா இருந்து தொலைச்சா நான் பொறுப்பில்லை.”

பொய்யாகவும் இருக்க வேண்டும், ஊரில் ஒருத்தரும் சண்டைக்கு வரவும் கூடாது. மண்டையைப் பிய்த்துக்கொண்டவருக்குச் சட்டென்று ஞானம் பிறந்தது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்? மனைவிக்குப் போன் போட்டார். அனுமதி இல்லாமல் யார் பெயரையும் தொடுவதில்லை என்கிற அளவுக்குத் திருந்திவிட்டாரே.

“ஒரு வக்கீல் கையேட்டுல மாதிரிக்கு உன் பேரு, நம்பர் போட்டுக்கறேன். சரியா?”

“எந்த வக்கீல்...” என்று அவள் ஆரம்பிப்பதற்குள், “அவசரம், சரின்னு மட்டும் சொல்லு” என்றார்.

“நான் சொல்றதை என்னிக்குக் காதுல வாங்கியிருக்கீங்க. என்னமோ பண்ணுங்க.”

அவர் அகராதியில் அதற்குப் பெயர் சம்மதம். மனைவியின் பெயர், நம்பர், முகவரி எல்லாவற்றையும் மளமளவென்று அடித்தார். காரணக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. யோசித்து யோசித்துப் பார்த்தும் தங்கள் குடும்பத்தில் அப்படியொரு காரணம் அகப்படவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ‘கணவரின் குறட்டை’ என்று அடித்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

“இப்பதான் உருப்படியா இருக்கு” என்றார் மேனேஜர். படம் போயிற்று. சற்று நேரத்தில் குமாஸ்தா அம்மாவின் போன் வந்தது. பாராட்டை மேனேஜரும் கேட்கட்டும் என்று கையேட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏன் சார், மறுபடியும் எங்க இன்னொரு கட்சிக்காரம்மா விவரத்தையே போட்டுட்டு, காரணத்தை மட்டும் குறட்டைன்னு மாத்திட்டா எங்களுக்குத் தெரியாதா?”