வியாழக்கிழமை சீஸ்

"இன்னும் கொஞ்சம் திறங்க."

"இதுக்கு மேல வராது டாக்டரம்மா," என்றார் பார்தில், பற்களுக்கிடையில். ஸ்பூனின் காம்பு நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது.

"குளிர்காத்து அடிச்சிருக்கும்னு ராக்கி சாராயத்துல துணி நனைச்சுக் கட்டினேன்," என்றாள் மனைவி லூலே. "கன்னம் வெந்ததுதான் மிச்சம்."

டாக்டர் மிமோசா ரத்தப் பரிசோதனைத் தாளை ஆசையோடு பார்த்தார். "காத்து இல்லை. தாடை மூட்டுக்குள்ள ஆட்டுக் கிருமி! முழங்கால்ல பாத்திருக்கேன், முதுகுல பாத்திருக்கேன். தாடையில இதுதான் முதல் தடவை. காய்ச்சாத பால்ல செஞ்ச சீஸ் சாப்பிட்டீங்களா?"

பெர்மெத் சந்தையில் முப்பது வருடமாகக் காய்ச்சாத பால் சீஸ் விற்பவர் பார்தில். 'காய்ச்சின பால்ல செஞ்சா அது சீஸா, சோப்பா?' என்று கேட்பவர். பெயர் கெட்டுவிடுமே என்று பயந்தார்.

"நான் சீஸே சாப்பிடறதில்லை."

"அப்ப நேரா ஆடுங்ககிட்டேருந்துதான் வந்திருக்கு. உங்க மந்தையைச் சோதிக்கச் சொல்லிடறேன். கிருமி இருந்தா எல்லாத்தையும் கொன்னுடுவாங்க."

அறுபது ஆடுகள். பார்திலுக்கு வியர்த்தது.

"சாப்பிட்டேன்," என்றார். "நம்மளோடது இல்லை. ஸெனெல் கடை சீஸ்."

சந்தையில் எதிர்க்கடைக்காரன் ஸெனெல். இருவரும் பேசிப் பல வருடங்கள் ஆகின்றன.

லூலேயின் முகம் வெளுத்தது. "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. வியாழக்கிழமை மட்டும். அவன் சீஸ் பக்கத்து ஊர்க் கடையிலயும் கிடைக்கும். அங்க வாங்கி, கார்லயே வச்சு…"

"எங்கிட்ட இல்லாதது அதுல என்ன இருக்கு?"

"அந்த வாசனை நமக்கு வரலையே லூலே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் போனை எடுத்தார். மறுநாள் காலை ஸெனெலின் பட்டிக்கு வருவதாகக் கால்நடைத் துறை சொன்னது. மந்தை பிழைத்தது. அந்த வலியிலும் பார்திலுக்குச் சிரிப்பு வந்தது, தாடைதான் விடவில்லை.

சாயங்காலம் கையில் ஊசி ஏறி, மருந்து சொட்டிக்கொண்டிருந்தபோது, ஸெனெல் தொப்பியைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"பார்தில் அண்ணே, பழசை மறந்துடுங்க. நாளைக்கு ஆபீசருங்க எங்க பட்டிக்கு வர்றாங்களாம். எங்கிட்ட ஏது ஆடு? வித்து மூணு வருஷமாச்சு. லூலே அண்ணி குடுக்கற உங்க சீஸைத்தான் என் பேர் போட்டு வித்துக்கிட்டிருக்கேன். அவங்க சோதிக்கறதுக்கு உங்க மந்தையிலேருந்து ஒரு பத்து ஆடு அனுப்பி வைக்கறீங்களா?"