பெரியவருக்குக் காது கேட்கும்

வாசல் மணி அடித்தால் எழுந்து வந்து முழங்காலை முட்ட வேண்டும். அதுதான் பெரியவரின் உத்தியோகம். காது கேளாத தையல்காரிக்குக் காதாக இருக்கப் பயிற்சி பெற்ற நாய் அவர். ஆனால் வயதாகி அவருக்கே காது போய்விட்டது. நாளை பயிற்சி நிலையத்து அதிகாரி சோதிக்க வருகிறார். தேறாவிட்டால் நாய்களுக்கான ஓய்வு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

தையல்காரி மணியோடு ஒரு பல்பை இணைத்தாள். அது எரிந்ததும் அவள் காலால் அவரை மெல்லத் தொட்டால், பெரியவர் எழுந்து முட்டி வாசலுக்கு அழைத்துப் போவார்.

"பல்பு இருக்கும்போது நாய் எதுக்குடி?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

உதட்டசைவைப் படித்தவள் முறைத்தாள். "பல்பு என் காலடியில படுத்துக்குமாக்கா?"

சிக்கல் அதற்குப் பிறகுதான். கால் அசைந்தாலே வாசல் என்று பெரியவர் பிடித்துக்கொண்டார். தையல் மிஷினை மிதிக்க முடியவில்லை. நாலு மிதிக்கு ஒருமுறை கதவைத் திறந்தாள். வெயிலைத் தவிர யாருமில்லை. காலை மடக்கிக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினாள். கால் மரத்துப்போய் உதறினாள். மறுபடி வாசல்! சத்தமே இல்லாத அந்தப் பகலில் இருவரும் தூக்கத்தில் நடப்பவர்களைப்போலப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். சட்டை ஒரு கையோடு நின்றது.

மறுநாள் பயத்தில் கால் தானாக ஆடியது. பெரியவர் இழுத்துப் போனார். கதவைத் திறந்தால் அதிகாரி, அவர் முதுகோடு ஒட்டினாற்போல டிரைவர்.

"அடேயப்பா! நான் இன்னும் மணியே அடிக்கல!" அதிகாரி வாயைப் பிளந்தார். "இந்தக் காதை இங்க வீணாக்கக் கூடாதும்மா. குட்டிங்களுக்கு வாத்தியாரா வச்சுக்கறோம். இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்."

அவள் குறுக்கே வந்து நின்றாள். "அய்யோ, வேணாம் சார்! அவருக்குக் காதே கேக்காது. நான்தான் காலால சொல்லிக்குடுக்கறேன். அவர் இல்லாத வீட்ல எப்படி சார் இருப்பேன்?" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அதிகாரி புன்னகையோடு நின்றார். டிரைவர் அவர் முதுகில் தட்டினார். திரும்பியவரிடம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சரிசரி, விருப்பமில்லேன்னா விட்டுடுவோம். பெரியவர் பாஸ்!" என்றபடி அதிகாரி வண்டிக்கு நடந்தார்.

பெரியவரைக் கட்டிக்கொண்டு அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். டிரைவர் அவள் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"எங்க சாருக்கும் காது போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. நான்தான் முதுகுல தட்டித் தட்டி ஓட்டிட்டிருக்கேன். வெளிய சொல்லிடாதீங்க!"