லீலாபாய் கல்யாணமும் முனகும் தொட்டியும்

நெய்யூர்,
கொல்லம் 1108, மாசி.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் யூஜினுக்கு, உன் அத்தான் இஸ்ரவேல் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் நேசம்மாளும் மகள் லீலாபாயும் தேவகிருபையால் சுகம். பசுவும் சுகம். நீ வேலை பார்க்கிற கண்டித் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகையில் அவரிடம் கேட்டு வாங்கி நீ எங்களுக்கு அனுப்பிய குளிதொட்டி மட்டும்தான் இந்த வீட்டில் சுகக்கேடாய்க் கிடந்தது.

தொட்டி வைக்கிற அறைக்குப் பலகைத் தரைதான் வேண்டும், பங்களாவில் அப்படித்தான் என்று நீ எழுதினாய். நானும் நம்பிக் கல்தரையின்மேல் அயனிப் பலகை அடித்தேன். கால் வைத்தால் தரை கிரீச்சென்றது. உட்கார்ந்தால் தொட்டியின் மரச்சட்டம் முனகியது. நான் குளிக்கிற நேரம் தெருவுக்கே தெரியும். அதுகூடப் போகட்டும். ஐப்பசியில் லீலாபாயைப் பெண் பார்க்க நாகர்கோவில்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலே வந்துவிட்டார்கள். நான் தொட்டிக்குள் இருந்தேன். பதறி எழும்பப் பார்த்தேன், எழும்ப எழும்ப அது முனகியது. உள்ளே யாரோ தீராத நோயாளியை அடைத்து வைத்திருக்கிறோம், குடும்ப வியாதிதான் என்று முடிவுகட்டி, காப்பியைக்கூட முழுசாய்க் குடிக்காமல் போய்விட்டார்கள். பிள்ளை அன்று சாப்பிடவில்லை. எனக்கு நெஞ்சு வெந்துபோயிற்று.

அப்புறம் குழித்துறையிலிருந்து, ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிற அப்போத்திக்கிரி ரசலையன், தம் மகன் ஜேசுதாஸுக்குப் பெண் பார்க்க வருவதாய் எழுதினார். நீ ஊரெல்லாம் பெருமையடித்ததில் தொட்டியின் புகழ் அங்கேயும் எட்டியிருக்கிறது. வந்ததும் அதிலே ஒரு குளி குளிக்க வேண்டுமாம். இந்த இடமும் தட்டிப்போனால் பிறகு யார் நம் வாசல்படி மிதிப்பார்கள்? ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் ஆப்பு அடித்ததில் முனகல் தொட்டியை விட்டுத் தரைக்கு இறங்கிற்று. உன் அக்காள்தான், "கடியப்பட்டணத்துல தோணி பணியுத சிலுவைதாசனை விளியும். பலகையும் தண்ணியும் அவருக்கில்லா தெரியும்" என்றாள்.

சிலுவைதாசன் வந்து தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "இதுவும் ஒரு தோணிதான சாரே. இடுக்கு காஞ்சு கெடக்கு, அதான் முனகுது. நீரு மிண்டாம இரும், நான் பாத்துக்கிடுதேன்." தொட்டியிலும் தரையிலும் கண்ட இடுக்கிலெல்லாம் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை உருக்கி ஊற்றி, மேலே மீனெண்ணெய் தேய்த்தார். ஏறி மிதித்தேன், சத்தமில்லை. உட்கார்ந்து ஆடினேன், ஒரு முக்கலில்லை. ஊர்ப் பூனையெல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்ததுதான் மிச்சம். வெட்டிவேரும் எலுமிச்சம்பழமும் போட்டு நேசம்மாள் நாற்றத்தை ஒருவாறு அமுக்கினாள்.

சனிக்கிழமை அப்போத்திக்கிரி மகனோடு வந்தார், நேரே தொட்டியில் இறங்கினார். கனத்த உடம்பு. நான் கதவோரம் நின்று ஜெபித்தேன். சத்தமே இல்லை. ஸ்தோத்திரம் என்று திரும்பும்போது உள்ளேயிருந்து, "சாரே, தண்ணி போவமாட்டேங்குது" என்றார். தோணி பணிகிறவர் கண்ணுக்கு ஓட்டை என்றாலே ஆபத்துதானே. தொட்டியின் அடித்துவாரத்தையும் தரையிலிருந்து தண்ணீர் வெளியேறுகிற துவாரத்தையும் சேர்த்தே அடைத்துவிட்டிருக்கிறார். பெரியவர் எழும்பிய வேகத்தில் தண்ணீர் கவிழ்ந்து அறை குளமாயிற்று. எண்ணெய்த் தரை வழுக்கி, மறுபடியும் தொட்டிக்குள்ளேயே அமர்ந்தார். "ஏலே ஜேசு, இங்க வாலே, நான் முங்கிப்போவேன்." மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய் வாளியில் அள்ளி அள்ளி நீட்ட, பெண் பார்க்க உடுத்திய பட்டுச்சேலையோடு லீலாபாய் நடையில் நின்று வாங்கி வாங்கி முற்றத்தில் ஊற்றினாள். "வெள்ளம் கொறையுதா மக்கா?" என்று பெரியவர் கேட்கும்போதெல்லாம் இவள், "பயப்படாதீங்க மாமா, கரை தெரியுது" என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் வாளி கைதவறிப் போயிற்று.

துவட்டிக்கொண்டு வந்த பெரியவர் காப்பியை முழுசாய்க் குடித்தார். பெண்வீட்டில் கேட்க வேண்டிய ஒன்றையும் கேட்கவில்லை. "இவன் அம்மை போன பொறவு இவன் இப்படிச் சிரிச்சு நான் பாக்கல்ல. இனி என்னத்த ஆலோசிக்க? கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிரும்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எண்ணெய்த் தரையில் நானும் ஒருதடவை விழுந்தேன், நோகவேயில்லை.

ஈஸ்டர் கழிந்து சித்திரையில் கல்யாணம். தாய்மாமன் நீ இல்லாமல் நடக்காது, புதுத் துரையிடம் இப்போதே லீவு கேள். ஆனால் இனிமேல் பங்களாச் சாமான் எதையும் இங்கே அனுப்பாதே. இந்தத் தொட்டியையும் தூத்துக்குடியில் கப்பலேற்றி உனக்கே திருப்பி விடுகிறேன். எனக்குக் கிணற்றடி போதும். கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஒரு குறைவுமில்லாமல் நடத்துவாராக.

அன்புள்ள அத்தான்,
இஸ்ரவேல்.

பி.கு.: தொட்டியைத் திருப்பி அனுப்பவேண்டாம், பெண்ணோடு தமக்குத் தந்தால் போதும் என்று சம்மந்தி ஆள் விட்டிருக்கிறார். சரி என்று சொல்லியனுப்பினேன். அதைக் கேட்டதும் உன் அக்காள் தொட்டி இருக்கிற குளிமுறிக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகிற நாளெல்லாம் அவள்தான் அதில் குளித்திருக்கிறாள். மகளைக் கட்டிக் கொடுக்கலாம், தொட்டியைக் கொடுக்க முடியாது என்கிறாள். முனகல் போய்விட்டதால், உள்ளே குளிக்கிறாளா, உறங்குகிறாளா என்று இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஆகவே தயவுசெய்து வேறு துரை யாரிடமாவது கேட்டு நம் வீட்டுக்கு இன்னொரு தொட்டி உடனே அனுப்பு. முனகுகிற தொட்டியாகவே பார்.