பைன்மா சாமியாரின் விபூதி இலை

அந்தமானின் பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டியில் அந்த வாரம் படகுகள் பாதி காலியாகவே போயின. ஏற வேண்டியவர்கள் எல்லாம் எதிரே ராக்கப்ப சாமியார் முன்னால், காதில் பூ வைத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். ஆமாம், காதில்தான். அதுவும் கேட்டு வாங்கி.

சாதாரணப் பூவா அது? திக்லிபூர் காட்டில் சாமியார் கனவில் கண்ட பைன்மா மரத்துப் பூ. சகல நோயும் தீருமாம்.

"இந்தத் தீவைத் தவிர உலகத்துல எங்கயும் இல்லாத மரம். அதுலயும் கடைசி மரம். இலைக்கு அடியில பாருங்க, ஈசனே விபூதி பூசியிருக்கான்" என்பார். அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உண்டியல் நிறைந்தது.

பள்ளியில் உயிரியல் நடத்தும் சுகிர்தா இதைச் சிரித்துவிட்டுக் கடந்திருப்பாள். ஆனால் மூச்சிரைப்புக்காரியான அவளுடைய அக்கா அகிலா, பூ கிடைத்ததும் இன்ஹேலரை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அன்று காலை மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்தவளுக்கு உதடு நீலம் பாரித்தது. சுகிர்தா பீரோவைத் திறந்து மருந்தைக் கொடுத்து, மூச்சு சீரானதும் நேராக ஜெட்டிக்கு வந்தாள்.

வரிசையில் முதல் ஆள் வனக்காவலர் கணேஷ்குமார். யூனிஃபார்மோடு.

"அண்ணா, காட்டுல கடைசி பைன்மா மரத்தை ஒடிச்சா என்ன ஆகும்?"

"பர்மிஷன் இல்லாமலா? பக்கா கேஸ், டீச்சர். பெயில் கிடைக்கறதே முஷ்கில்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கை போனைத் தேடியது.

சாமியார் பதறி எழுந்தார். "அரே சார், இது பைன்மா இல்ல. வெறும் பூமருது. மின்னி பே ரோட்டோரம் நிக்குதே, அது. மெயின்லேண்டுல பார்க்குக்குப் பார்க் இருக்கு."

"அப்ப விபூதி?" என்றார் கணேஷ்குமார்.

சுகிர்தா ஓர் இலையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். வெள்ளை தலைப்புக்கு வந்தது, பச்சை இலை மிஞ்சியது.

"நிஜ பைன்மாவுக்கும் இலையடி வெளிறித்தான் இருக்கும். ஆனா முகப்பவுடர் வாசம் அடிக்காது."

கணேஷ்குமார் சாமியாரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூட்டத்திலிருந்து விசாலாட்சி என்றொருத்தி மெதுவாக முன்னால் வந்தாள்.

"டீச்சர், அப்ப அசல் பைன்மா பூ எங்க கிடைக்கும்?"

சுகிர்தா கையிலிருந்த இலையைக் கீழே போட்டாள்.

"அந்த மரத்தைக் காப்பாத்த வனத்துறை இருக்கும்மா. அதைவிட வேகமா அழிஞ்சிட்டு வர்றது நம்ம யோசிக்கிற புத்தி. அதை நாமதான் காப்பாத்தணும்."