சொல்லாமல் போன கேலப்பனும் உன்னுடைய கதிரையும்

குட்டியன்,

அன்புத் தம்பி கஜரூபனுக்கு அக்கா புஸ்பவதி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் சுபானியும் சுகம், என்னுடைய முழங்காலைத் தவிர. அங்கு நீயும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன் என்றுதான் அடுத்த வரி வரவேண்டும். ஆனால் செத்துப்போன ஆளிடம் சுகம் விசாரிப்பது எப்படி என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. ஏழாம் வகுப்போடு என்னை மறித்துப்போட்டார்கள், அது எட்டாம் வகுப்பில் வருகிறதோ என்னவோ. ஆகவே கேட்டதாக வைத்துக்கொள். எனக்கு இப்போது சுகம் கேட்கிற பொறுமை இல்லை. வயிறு எரிகிறது. எல்லாம் உன்னுடைய பாஸ்கற்போல் என்கிற கூடைப்பந்தால் வந்தது.

கேலப்பன் போய்விட்டான். கேலப் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு 'அன்' போட்டு நீ தமிழனாக்கி வைத்த அந்த அமெரிக்கப் பொடியன்தான். இந்த ஜேர்மன் ஊரில் நம்முடைய கிளப்புக்கு மூன்று வருசம் விளையாடி, மூன்று வருசமும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் குசினியில் மடங்கிக் குந்தியிருந்து, இறைச்சி ரோல்ஸ் பொரிக்கப் பொரிக்கத் தட்டில் ஒன்றும் மிஞ்சவிடாத அதே கேலப்பன். போனதுதான் போனான், எங்கே போனான் என்று கேள். ஆற்றுக்கு அங்கால் கிளப்புக்கு. நீ தொண்டை கிழியக் "கள்ளர்! கள்ளர்!" என்று தமிழில் கத்துவாயே, அவர்களிடம். அதுவும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். கடைசி ஞாயிறு வந்தான், தின்றான், தட்டைக் கழுவி வைத்தான், கதவைத் திறந்தான், போனான். திரும்பியும் பார்க்கவில்லை. நான் கழிவறைக்கு அவசரமாக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், ஆஹென் நகரத்தில் இருக்கிற சுபானி போன் எடுத்து, "அம்மா, கேலப் மாறியிட்டார், படம் போட்டிருக்கினம், அங்காலச் சட்டையோட சிரிச்சுக்கொண்டு நிக்கிறார்" என்கிறாள். அடுப்பில் வெங்காயம் கருகியது.

ஒப்பந்தம் முடிந்தால் ஆள் சுதந்திரம், விரும்பிய அணிக்குப் போகலாம் என்பது எனக்குத் தெரியாத விசயமில்லை. நீ கோடை முழுக்க அதைத்தானே கதைப்பாய். நான் மீன் கழுவிக்கொண்டிருப்பேன், நீ பின்னால் நின்று அமெரிக்காவில் யார் யாரை வாங்கினான், யார் யாரை விட்டான் என்று வாசிப்பாய். நான் "என்னடா இது, ஆடு மாடே?" என்றால், "அக்கா, மற்றவன் விக்கிறதுதான் ஆடு மாடு. இவன் தானே முடிவெடுக்கிறான். வேலை செய்யிறவன் விரும்பின இடத்தில வேலை செய்யட்டுமன்" என்பாய். சரி, நியாயம்தான். ஆனால் நான் வேலை செய்கிற கன்ரீனில் பாத்திரம் கழுவத் தொடங்கியபோது சுபானி பிறக்கவே இல்லை, இன்றுவரைக்கும் வேறு ஒரு கன்ரீன்காரன் வந்து "புஸ்பவதி அக்கா, எங்கட பக்கம் வாங்கோ" என்று கேட்டானா? ஒருவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லிப்போட்டுத்தான் போயிருப்பேன்.

ஒவ்வொரு வைகாசியிலும் அணி கழன்றுபோகிறது. பெயர்களைப் பாடமாக்கி, நாக்குப் பிரள ஒரு வருசம் எடுக்கிறது, பிரண்டதும் ஆள் இல்லை. அந்த லித்துவேனியாப் பொடியனை நினைவிருக்கிறதா? அவனுடைய தாய்க்கு நான் மிளகாய்த்தூள் கட்டிக் கொடுத்துவிட்டேன். அவனும் போனான், போத்தலும் போனது.

இது போதாதென்று அந்தக் கொலிஜ் சங்கதி. கேலப்பன் படித்த கொலிஜின் ஆட்ட அட்டவணையை நீ குளிர்ப்பெட்டியில் ஒட்டிவைத்தாய். இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது, பால் எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். அமெரிக்காவில் கொலிஜ்களெல்லாம் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து தங்களுக்குள் விளையாடுகிறார்கள், அந்தக் கூட்டங்களுக்குப் பெயர் இருக்கிறது என்று நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். 'பெரிய பத்து' என்று ஒன்று, உள்ளே பதினெட்டுக் கொலிஜ். பன்னிரண்டு என்று பெயர் வைத்ததற்குள் பதினாறு. அத்திலாந்திக் கரை என்று பெயர் வைத்த கூட்டத்தில் பசுபிக் கரைக் கொலிஜ் இரண்டு. ஏழாம் வகுப்புப் படித்த எனக்கே பத்துக்கும் பதினெட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது, அவர்கள் பல்கலைக்கழகம் நடத்துகிறார்களாம். கேலப்பனின் கொலிஜும் போன வருசம் கூட்டம் மாறியது. பக்கத்து ஊர்க் கொலிஜோடு அவன் தாத்தா காலத்திலிருந்து சண்டை, அந்த ஆட்டத்துக்கு ஊரே கடையைப் பூட்டிவிட்டு வருமாம். இனி அந்த ஆட்டமே கிடையாது. பிளேன் ஏறிப் போய், முகம் தெரியாதவர்களோடு விளையாடிவிட்டு வருகிறார்கள். தொலைக்காட்சிக்காரன் நல்ல விலை கொடுக்கிறானாம். நான் கேட்கிறேன், சண்டை பிடிக்கிறதுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டாமா? முகம் தெரியாதவனோடு என்னத்தைச் சண்டை பிடிக்கிறது? இதை உன்னிடம் சொன்னால் அரைமணித்தியாலம் எதிர்த்துக் கதைப்பாய். இப்போது சுவருக்குச் சொல்கிறேன், சுவர் "ஓம்" என்றும் சொல்லுதில்லை, "இல்லை" என்றும் சொல்லுதில்லை.

அமெரிக்காக்காரனைச் சொல்லி என்ன, நம்முடைய தமிழ் மன்றமும் அப்படித்தானே உடைந்தது. சிவசக்தி அண்ணை பழைய மன்றத்தில் உபதலைவராக இருந்தார், கழன்றுபோய்ப் புதிய தமிழ் மன்றம் தொடங்கித் தலைவரானார். பொங்கலுக்கு இரண்டு மன்றமும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தைக் கேட்டுக் கடிதம் போட, நகரசபைக்காரன் தலையைச் சொறிந்துவிட்டு மண்டபத்தை ஒரு துருக்கிக் கலியாணத்துக்குக் கொடுத்தான். இப்போது இரண்டு கூட்டத்துக்கும் ஆள் இல்லை. முன்பு சண்டை பார்க்கவாவது சனம் வந்தது.

அந்தச் சிவசக்தி அண்ணைதான் உன்னுடைய கதிரைக்குக் கண் வைத்திருக்கிறார். விசயத்துக்கு வருகிறேன். ஆட்ட மண்டபத்தில் இருந்து பார்க்க வருசாவருசம் நீ காசு கட்டி எடுக்கிற இரண்டு கதிரை, ஆட்ட நேரம் பார்க்கிற மேசைக்குப் பின்னால், உனக்கு ஒன்று எனக்கு ஒன்று. கிளப் ஒபிஸில் நிற்கிற நம்முடைய கம்சனா போன் எடுத்தாள். பாவம் பிள்ளை, தொண்டையைச் செருமிச் செருமிக் கேட்டாள்.

"அன்ரி, ரெண்டு கதிரையும் வச்சிருக்கிறீங்களோ, இல்லாட்டி ஒண்டோ? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ. வெளியில ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."

"எந்த ஆக்கள்?"

"சிவசக்தி அங்கிள் மூண்டு தரம் எடுத்திட்டார்."

அடுத்தநாளே அண்ணை வீட்டுக்கு வந்தார், கையில் வாழைப்பழச் சீப்போடு. "பிள்ளை, தம்பியின்ர கதிரையை வெறுமையா விடக்கூடாது பாரும். நான் இருந்தனெண்டால் அவற்ற ஆத்மாவுக்கும் ஒரு திருப்தி" என்றார். நீ அவரோடு பக்கத்தில் இருந்து ஒரே ஒரு ஆட்டம் பார்த்தாய், பாதியில் அவர் "எப்ப கோல் அடிப்பாங்கள்?" என்று கேட்டார், நீ எழும்பிப்போய்க் கோப்பி வாங்குகிற வரிசையில் நின்றபடி மிச்சத்தைப் பார்த்தாய். உன் ஆத்மாவின் திருப்தி எனக்குத் தெரியும். வாழைப்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கேலப்பன் போனபிறகு எனக்கு அந்த ஆட்ட மண்டபத்தை நினைத்தாலே எரிச்சல். இரண்டு கதிரையையும் விட்டுத்தொலைப்போம் என்று முடிவெடுத்து, புதன்கிழமை பிராங்பேர்ட்டுக்குச் சாமான் வாங்கப் போனேன். திரும்பி வர எஸ்-பான் ரயிலுக்கு நிற்கிறேன், தூணடியில் இன்னொரு தூண் நிற்கிறது. பார்த்தால் கேலப்பன். தோளில் பை, அங்காலக் கிளப்பின் நிறத்தில். என்னைக் கண்டதும் குனிந்து சிரிக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் ஜேர்மன்காரரின் டொச்சும் தமிழும் கலந்து பொரிந்துதள்ளினேன். அவன் சொன்னதையெல்லாம் நம்முடைய தமிழிலேயே எழுதுகிறேன்.

"ஏன்டா சொல்லாமல் போனனி? மூண்டு வருசம் சோறு போட்டனான். நாய்க்குட்டியும் போகேக்க ஒருக்கால் திரும்பிப் பாக்கும்!"

அவன் முழித்தான். "அக்கா, நீங்கள்தானே சொன்னீங்கள்."

"நான் என்ன சொன்னனான்?"

"ரூபன் செத்தபோது. இந்த வீட்டிலயிருந்து போகேக்க ஒண்டும் சொல்லக்கூடாது, திரும்பிப் பாக்கக்கூடாது, சும்மா போகவேணும் எண்டு."

குட்டியன், எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன்னுடைய செத்தவீட்டுக்கு அவன் கோட் சூட் போட்டு வந்து, வாசல் நிலையில் தலையை இடித்து, சனத்துக்கு நடுவில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தான். எழும்பிப் போகும்போது, நீ படிப்பித்த தமிழை எல்லாருக்கும் கேட்க உரத்துச் சொன்னான்: "அக்கா, போட்டு வாறன்!" யார் வீட்டிலிருந்தும் 'போறன்' என்று சொல்லக்கூடாது, 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்லவேண்டும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். செத்தவீட்டில் அதைச் சொல்லக்கூடாது, சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும் என்பதை நீ சொல்லிக்கொடுக்கவில்லை. சனம் மூச்சை இழுத்தது. சிவசக்தி அண்ணை, "ஐயோ தம்பி, வராதையும்! வராதையும்!" என்று கத்தினார். பொடியன் வெளிறிப்போனான். நான்தான் அவன் கையைப் பிடித்து, "ஒண்டும் சொல்லாத ராசா. திரும்பிப் பாக்காத. சும்மா போ. இந்த வீட்டில இப்ப அப்பிடித்தான்" என்று சொல்லி அனுப்பினேன்.

"அது செத்தவீட்டுக்குத்தானடா! முப்பத்தொண்டாம் நாள் காரியத்தோட முடிஞ்சுது!" என்றேன் ஸ்ரேசனில் நின்று.

அவன் மெதுவாகச் சொன்னான். "எனக்குத் தெரியாது அக்கா. ரூபன்ர சப்பாத்து இன்னும் வாசலில கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் தட்டு வைக்கிறீங்கள். நான் முடியேல்லை எண்டு நினைச்சன்."

பார் அவனுடைய வாயை! என்னுடைய வீடு, என்னுடைய வாசல், என்னுடைய தட்டு. இவன் யார், முடிந்தது முடியவில்லை என்று சொல்ல? பதில் சொல்ல வாயெடுத்தேன். ரயில்தான் வந்தது.

ஏறுவதற்கு முன் கேட்டான், "இப்ப சொல்லலாமோ?"

"சொல்லித்தொலை."

"அக்கா, போட்டு வாறன்."

"வராத! வந்தால் அங்காலப் பக்கமெல்லோ பந்து போடுவாய்!" என்று கத்தினேன். ஒரு டொச்சு மனிசி தன்னுடைய பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து உன் சப்பாத்தைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எடுத்துத் திரும்ப வாசலில் வைத்தேன். அது கிடந்தால் அவனுக்கென்ன? எனக்கே தடக்குகிறது, நான் பேசாமல்தானே இருக்கிறேன்.

ஆகவே தம்பி, முடிவைச் சொல்லுகிறேன், கேட்டுக்கொள். இனி எனக்குப் பாஸ்கற்போல் வேண்டாம். யாரும் எங்கும் போகட்டும், பத்துக்குள் பதினெட்டு இருக்கட்டும், இருபதும் இருக்கட்டும். இரண்டு கதிரையையும் விடுகிறேன். சிவசக்தி அண்ணை இரண்டிலும் படுத்து நித்திரை கொள்ளட்டும். குளிர்ப்பெட்டியில் ஒட்டியதையும் கிழிக்கிறேன். இந்த வீட்டில் இனி ரோல்ஸ் பொரிக்கப்படாது.

சுபானி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். அம்மா ஐயாவைக் கண்டால் நான் கேட்டதாகச் சொல்லு, ஐயாவிடம் பாஸ்கற்போல் கதைத்து அந்த மனிசனின் உயிரை வாங்காதே. உன் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் எழுதமாட்டேன். நீ சாந்தியாக இருந்து ஒரு ஆட்டமும் பார்த்தது கிடையாது.

இப்படிக்கு,
இனிமேல் அந்த மண்டபத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காத உன் அக்கா,
புஸ்பவதி

பிற்குறிப்பு: வெள்ளிக்கிழமை கம்சனாவுக்குப் போன் எடுத்தேன். இரண்டு கதிரையும் எடுத்திருக்கிறேன். "அன்ரி, மற்றதுக்கு யாற்ற பேரைப் போட?" என்றாள். "கஜரூபன் எண்டு போடு" என்றேன். "அன்ரி..." என்றாள். "போடு எண்டன்" என்றேன், போட்டாள். முதலாவது ஆட்டமே ஆற்றுக்கு அங்கால் கிளப்போடுதானாம். ரோல்ஸுக்கு இறைச்சி சொல்லிவைத்துவிட்டேன், அவனைக் "கள்ளன்" என்று கத்தி முடித்தபிறகு கொடுப்பேன். உன் கதிரையில் என்னுடைய கைப்பையை வைத்திருப்பேன், ஆனால் சிவசக்தி அண்ணை பின்வரிசையில் எடுத்திருக்கிறார், ஒரு கைப்பை எவ்வளவு நேரம் அவரை மறிக்கும்? கேலப்பன் சொல்லாமல் போனான், கண்டதும் காரணம் சொன்னான். நீ அப்படியில்லை. அந்தக் கடைசி நாள் காலை எயார்போட்டுக்கு வேலைக்குப் போகும்போது, சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவடியில் நின்று, "அக்கா, போட்டு வாறன்" என்று வடிவாகச் சொல்லிப்போட்டுத்தான் போனாய். எப்பயடா வாறாய்?